அமெரிக்காவிலிருந்து குடும்பத்தோடு சென்னை திரும்புவோருக்கு: டிக்கெட் எடுப்பது முதல் வீட்டு வாசல் வரை

அமெரிக்காவில் இருக்கும் மகனையோ தங்கையையோ பார்த்துவிட்டு வரக் கிளம்பும் குடும்பங்கள், போகும் பயணத்துக்கு மாதக்கணக்கில் தயாராகின்றன. விசா, காப்பீடு, குளிர் ஆடை, பருப்புப் பொடி வரை பட்டியல் போடப்படுகிறது. திரும்பும் பயணத்துக்கு அப்படி யாரும் உட்கார்ந்து திட்டமிடுவதில்லை. வீட்டுக்குத்தானே போகிறோம் என்ற எண்ணம் ஒரு காரணம்; கடைசி வாரம் முழுவதும் கடை கடையாக ஏறி இறங்குவதிலேயே கழிந்துவிடுவது இன்னொரு காரணம். ஆனால் பெட்டி கனமாக இருப்பதும், பிள்ளைகள் களைத்திருப்பதும், சுங்கத்தில் கேள்வி கேட்கப்படுவதும் திரும்பும் வழியில்தான்.

வயதான பெற்றோர், மனைவி, ஒரு சிறுவன், ஒரு கைக்குழந்தை என்ற கூட்டத்தோடு, அமெரிக்க உள்நாட்டு விமானம் ஒன்று, வளைகுடா வழியாக நீண்ட விமானம் ஒன்று, பிறகு சென்னை விமானம் என்று வந்து சேர்ந்த பின், அடுத்தவர்களாவது அலைக்கழியாமல் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். திரும்பும் பயணத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை விமான நிலையத்தில் உருவாவதில்லை. டிக்கெட் எடுக்கும்போதும் பெட்டி கட்டும்போதுமே உருவாகிவிடுகின்றன. அதனால் இந்தக் கட்டுரையும் முன்பாதியில்தான் அதிக நேரம் நிற்கிறது.

1. டிக்கெட் எடுக்கும்போதே திரும்பும் பாதையைச் சரிபாருங்கள்

சென்னைக்கு அமெரிக்காவிலிருந்து இடைநில்லா விமானம் இல்லை. தோகா, துபாய், அபுதாபி, பிராங்க்பர்ட், லண்டன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் மாறி வரவேண்டும்; அல்லது டெல்லி, மும்பை வழியாக வரவேண்டும். எந்த வழியானாலும், புறப்படும் ஊரிலிருந்து சென்னை வரை எல்லா விமானங்களும் ஒரே முன்பதிவில், அதாவது ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருப்பது அவசியம். உள்நாட்டு விமானத்தைத் தனியாக எடுத்தால் நூறு டாலர் மிச்சம் என்று இணையத்தில் தோன்றும். அப்படி எடுத்தால் அந்த விமானத்துக்கு அமெரிக்க உள்நாட்டுப் பெட்டிக் கட்டணம் தனி. முதல் பெட்டிக்கே 35 டாலர் அளவில் கேட்பார்கள், இரண்டாவதற்கு அதைவிடக் கூடுதல். பத்துப் பெட்டிகளோடு போகும் குடும்பத்துக்கு மிச்சம் பிடித்த தொகை அங்கேயே கரைந்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது என்பது. ஒரே பிஎன்ஆராக இருந்தால் அடுத்த விமானத்தில் இடம் தருவது அவர்கள் கடமை.

தனித்தனி டிக்கெட்டில் பிராங்க்பர்ட் போன்ற ஐரோப்பிய நகரம் ஒன்றில் மாறினால், பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அதற்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவை. ஒரே டிக்கெட்டில் வளைகுடா வழியாக, நிலையத்துக்குள்ளேயே மாறி வருபவர்களுக்கு விசா கவலை இல்லை. வயதானவர்களை அழைத்து வருபவர்களுக்கு வளைகுடா வழியையே பரிந்துரைப்பேன்.

டெல்லி அல்லது மும்பை வழியாக வந்தால் இமிக்ரேஷனும் சுங்கமும் அங்கேயே முடிய வேண்டும்; பெட்டிகளை வழக்கமாக அங்கே எடுத்து, சுங்கம் தாண்டி, மீண்டும் உள்நாட்டு விமானத்துக்கு ஒப்படைக்க வேண்டியிருக்கும். இதற்கு இரண்டு மணி நேர இடைவெளி எந்த வகையிலும் போதாது. நான்கு மணி நேரமாவது இருக்கும்படி எடுங்கள்.

கைக்குழந்தை இருந்தால் ஒரு கணக்கைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள். இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு மடியில் வைத்துக்கொள்ளும் கட்டணம், அதாவது பெரியவர் கட்டணத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆனால் வயது கணக்கிடப்படுவது ஒவ்வொரு பயணத் தேதியிலும். போகும்போது ஒன்றே முக்கால் வயதாக இருந்து, அமெரிக்காவில் பிறந்தநாள் கொண்டாடிய குழந்தைக்குத் திரும்பும் விமானத்தில் தனி இருக்கை வேண்டும். கடைசி நேரத்தில் ஒற்றை வழி இருக்கை தனியாக வாங்கினால் விலை மிகவும் ஏறியிருக்கும். பிறந்தநாளுக்கு முன் திரும்ப முடியுமா என்று தேதி தேர்ந்தெடுக்கும்போதே பாருங்கள். முடியாதென்றால் முதலிலேயே சிறுவர் கட்டணத்தில் எடுத்துவிடுங்கள்.

தேதியிலும் ஒரு கண்ணி உண்டு. நள்ளிரவு 12.40 மணிக்குப் புறப்படும் விமானத்தின் டிக்கெட்டில் 15-ஆம் தேதி என்றிருந்தால், நீங்கள் 14-ஆம் தேதி இரவு 9 மணிக்கே நிலையத்தில் இருக்க வேண்டும். படித்தவர்களும் இதில் தவறுகிறார்கள். நாள்காட்டியில் புறப்படும் நேரத்தை எழுதாமல், வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தை எழுதி வையுங்கள். நவம்பர் முதல் ஞாயிறு, மார்ச் இரண்டாம் ஞாயிறு ஆகிய நாட்களில் அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த வார இறுதியில் புறப்படுபவர்கள் சென்னையில் அழைக்க வருபவரிடம் நேரத்தை மீண்டும் ஒருமுறை சரிபார்த்துச் சொல்லுங்கள்.

2. ஆவணங்களை ஒரு மாதம் முன்பே எடுத்துப் பாருங்கள்

முதலில் பார்க்க வேண்டியது ஐ-94, அதாவது அமெரிக்காவுக்குள் நுழைந்தபோது பதிவான வருகைப் பதிவு. பாஸ்போர்ட்டில் பத்தாண்டு விசா ஒட்டப்பட்டிருப்பதால் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். விசாவின் தேதி, அந்த நாட்டின் வாசலுக்கு எதுவரை வரலாம் என்பதற்கு. எதுவரை தங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது ஐ-94 பதிவில் உள்ள தேதிதான். சுற்றுலா விசாவில் வருபவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் தருகிறார்கள். அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து இந்தப் பதிவை இலவசமாக எடுக்கலாம். அந்தக் கடைசித் தேதிக்கு ஒரு வாரமாவது முன்னதாகத் திரும்பும் தேதி இருக்கட்டும். பனிப்புயலிலோ வேறு காரணத்திலோ விமானம் ரத்தானால் அந்த ஒரு வாரம் உங்களைக் காப்பாற்றும்.

பயணக் காப்பீடு முடியும் தேதியையும் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து கிளம்பும் நாளுக்கும் சென்னையில் இறங்கும் நாளுக்கும் இடையே நாள்காட்டியில் இரண்டு நாள் வரை கடந்துவிடும். கிளம்பும் நாளோடு காப்பீடு முடிந்துபோனால், நடுவழியில் அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்து மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் கைப்பணம்தான். சென்னை வந்து சேரும் நாளுக்கு மேல் மூன்று நாள் சேர்த்து எடுங்கள். கூடுதல் செலவு மிகச் சிறியது.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பேரக்குழந்தை உடன் வந்தால், பாஸ்போர்ட்டோடு ஓசிஐ எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டையின் அசலும் வேண்டும். கைபேசியில் உள்ள படம் போதாது. குழந்தைக்குப் புதிய பாஸ்போர்ட் எடுத்திருந்தால், 20 வயது வரை ஒவ்வொரு முறையும் புதிய பாஸ்போர்ட்டின் நகலையும் புகைப்படத்தையும் ஓசிஐ இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். விசாவில் வரும் வெளிநாட்டவர் யாரேனும் உங்களோடு இருந்தால், 2025 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள மின்னணு வருகைப் படிவத்தை, இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளங்கள் போலியானவை. இந்தியக் குடிமக்களுக்கு இந்தப் படிவம் கிடையாது.

கணவர் வேலைக்காக முன்பே திரும்பிவிட, தாய் மட்டும் பிள்ளைகளோடு வருவது இப்போது சாதாரணம். அப்படி வருபவர்கள், தந்தையின் சம்மதக் கடிதத்தை நோட்டரி சான்றோடும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகலோடும் கையில் வைத்திருங்கள். யாரும் கேட்காமலே போகலாம். கேட்டுவிட்டால் அந்த இரவு நேரத்தில் தயாரிக்க முடியாது.

3. இருக்கை, சக்கர நாற்காலி, தொட்டில், உணவு: தொலைபேசியில் பேசியே முடியுங்கள்

சக்கர நாற்காலி உதவிக்குக் கட்டணம் இல்லை. புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்னதாகவாவது நிறுவனத்துக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லும்போது, படி ஏற முடியுமா, விமானத்துக்குள் இருக்கை வரை நடக்க முடியுமா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இவற்றுக்கு மூன்று வகைக் குறியீடுகள் உண்டு, அதைப் பொறுத்தே உதவி வரும். எல்லா விமானங்களுக்கும் இந்தக் குறிப்பு பதிவாகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். உள்நாட்டு விமானத்தை வேறு நிறுவனம் இயக்கினால் அங்கே மட்டும் பதிவாகாமல் விட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது.

சக்கர நாற்காலியில் செல்பவரைக் குடும்பத்திலிருந்து பிரித்து வேறு வழியாக அழைத்துச் செல்வார்கள் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். எங்கள் பயணத்தில் ஓர் இடைநிலையத்தில் அப்பாவையும் அம்மாவையும் மின்வண்டியில் ஏற்றிச் சென்றவர்கள், ஒரு காத்திருப்புப் பகுதியில் இறக்கிவிட்டு, அடுத்த உதவியாளர் வருவார் என்று சொல்லிப் போய்விட்டார்கள். நெடுநேரம் யாரும் வரவில்லை. கிளம்பும் முன்பே என் மனைவி ஒரு சீட்டில் அடுத்த விமானத்தின் எண், புறப்படும் நேரம், எங்கள் கைபேசி எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அப்பாவின் சட்டைப்பையில் வைத்திருந்தாள். அப்பா அந்தச் சீட்டை அவ்வழியே போன ஊழியர் ஒருவரிடம் நீட்டியதால்தான் வேலை நடந்தது. பெரியவர்களின் பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், அன்றைய மாத்திரை ஆகியவை அவர்கள் கழுத்தில் மாட்டிய பையிலேயே இருக்கட்டும். குடும்பத் தலைவர் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் ஒரே பையில் கட்டி வைத்துக்கொள்ளும் நம் ஊர் வழக்கம் இங்கே உதவாது.

குழந்தைத் தொட்டில், தடுப்புச் சுவருக்கு நேர் பின்னால் உள்ள வரிசையில் மட்டுமே மாட்ட முடியும். எண்ணிக்கை மிகக் குறைவு. எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; பல நிறுவனங்களில் பத்து, பதினொரு கிலோதான். டிக்கெட் எடுத்த அன்றே கேட்டுவிடுங்கள். உணவில், சைவம் என்று மட்டும் சொன்னால் வேகவைத்த காய்கறியும் ரொட்டியும் வரக்கூடும். இந்திய சைவம் என்று தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள்.

4. பெட்டி கட்டுதல்

அமெரிக்காவிலிருந்து இந்தியா வரும் விமானங்களில் சாதாரண வகுப்பில் ஒருவருக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி என்பது பரவலான அளவு. மிகக் குறைந்த கட்டணப் பிரிவில் ஒரே பெட்டிதான் என்று சில நிறுவனங்கள் மாற்றிவிட்டன. டிக்கெட்டில் உள்ளதைப் படியுங்கள். 23 கிலோ என்பது ஏறக்குறைய 50 பவுண்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி வரம்பு. ஒன்று 26, இன்னொன்று 20, மொத்தம் 46 தானே என்ற வாதம் கவுன்ட்டரில் எடுபடாது. 32 கிலோவைத் தாண்டிய பெட்டியைப் பணம் கட்டினாலும் ஏற்க மாட்டார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

பத்து, பதினைந்து டாலருக்குக் கிடைக்கும் கொக்கித் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். எடை கூடிய ஒரு பெட்டிக்குக் கேட்கும் அபராதம் நூறு டாலர் வரைகூடப் போகும். குளியலறைத் தராசில் பெட்டியோடு ஏறி நின்று கழித்துப் பார்ப்பவர்கள், ஒரு கிலோ அங்கே இங்கே தவறுவதைக் கவுன்ட்டரில்தான் அறிகிறார்கள். 22 கிலோவில் நிறுத்திப் பூட்டுங்கள். செக்-இன் வரிசைக்கு அருகே தரையில் பெட்டியைத் திறந்துபோட்டு, காஸ்ட்கோ பாதாம் பொட்டலத்தை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு தமிழ்க் குடும்பத்தை எந்த அமெரிக்க நிலையத்திலும் பார்க்கலாம்.

ஒருவருடைய பொருட்களை ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். எல்லாருக்கும் ஒரு மாற்றுடை எல்லாப் பெட்டிகளிலும் கலந்திருந்தால், ஒரு பெட்டி வராமல் போனாலும் சமாளிக்கலாம். ஒவ்வொரு பெட்டியையும் மூடும் முன் உள்ளே இருப்பதை ஒரு படம், மூடிய பின் வெளியே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள்ளும் முகவரிச் சீட்டு ஒன்றைப் போடுங்கள். வெளியே கட்டும் சீட்டு கிழிந்துபோகும். விமான நிலையச் சோதனையைக் கவனிக்கும் அமெரிக்க அரசின் டிஎஸ்ஏ அமைப்பினர் பெட்டியைத் திறந்து பார்க்க உரிமை உள்ளவர்கள். அவர்களிடம் சாவி உள்ள டிஎஸ்ஏ வகைப் பூட்டைத் தவிர வேறு பூட்டுப் போட்டால் உடைத்துத் திறப்பார்கள்.

இன்னும் ஒன்று: ஐந்து இருக்கைக்குப் பத்துப் பெட்டி என்பது ஒரே இன்னோவாவில் ஆட்களோடு சேர்ந்து அடங்காது. அமெரிக்காவில் நிலையம் போகவும் சென்னையில் வீடு போகவும் இரண்டாவது வண்டியின் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. கைப்பை

அமெரிக்க உள்நாட்டு நிறுவனங்கள் கைப்பெட்டியை எடை போடுவது அரிது; வளைகுடா நிறுவனங்கள் 7 கிலோ என்று வரம்பு வைத்து, சில நாள் கறாராக எடை போடுகின்றன. புத்தகத்தையும் மடிக்கணினியையும் கைப்பெட்டியில் அடுக்கினால் 7 கிலோ சொல்லாமல் கொள்ளாமல் தாண்டிவிடும்.

திரவங்கள் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள், எல்லாம் சேர்ந்து ஒரு சிறிய ஒளி ஊடுருவும் பைக்குள் அடங்க வேண்டும். தயிர், ஊறுகாய், நெய், பீநட் பட்டர் எல்லாம் இந்தக் கணக்கில் திரவங்கள்தான். பிள்ளையின் பையிலிருந்து திறக்காத பீநட் பட்டர் பாட்டிலை எடுத்துக் குப்பையில் போடும்போது பிள்ளை அழுவதைத் தடுக்க முடியாது. அதைப் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். தாய்ப்பால், பால்மாவு கரைத்த பால், குழந்தை உணவு ஆகியவற்றுக்கு அமெரிக்காவில் இந்த வரம்பு இல்லை. ஆனால் பரிசோதனைக்கு முன்பே எடுத்துக் காட்டிச் சொல்ல வேண்டும். 350 மில்லி அளவுக்கு மேல் உள்ள பொடிகளைத் தனியாகச் சோதிப்பார்கள் என்பதால் சத்துமாவு, புரதப் பொடி டப்பாக்களும் பெரிய பெட்டிக்கே போகட்டும். வழிக்கு எடுத்துச் செல்லப் பொடி தடவிய இட்லியும் புளியோதரையும்தான் சிறந்தவை.

பவர் பேங்க் எந்தக் காரணத்துக்கும் பெரிய பெட்டியில் போகக் கூடாது. 100 வாட் மணி வரை கைப்பையில் அனுமதி. 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது ஏறக்குறைய 74 வாட் மணி. இப்போது பல நிறுவனங்கள் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவே தடை விதித்துள்ளன. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்று மட்டும், பயன்படுத்தாமல் வைத்திருக்கலாம் என்று விதித்தது. எனவே கைபேசிகளுக்கு விமானம் ஏறும் முன்பே முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

மருந்துகள் முழுவதும் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு. இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டால் குளிரில் உறைந்து கெட்டுப்போகக்கூடும். மூன்று நாள் மருந்து கூடுதலாக இருக்கட்டும். நகை, வீட்டுச் சாவி, இந்திய சிம் அட்டை, கொஞ்சம் ரூபாய் நோட்டு ஆகியவையும் இங்கேதான்.

6. சுங்கம்: வாங்கும்போதே கணக்குப் பாருங்கள்

இந்தியாவில் வசிப்பவர் விமானத்தில் திரும்பும்போது வரியில்லாமல் கொண்டு வரக்கூடிய புதிய பொருட்களின் மதிப்பு, 2016-ஆம் ஆண்டு விதிகளில் 50,000 ரூபாயாக இருந்தது. 2026 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில் 75,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. பயன்படுத்திய உடைகளும் சொந்த உபயோகப் பொருட்களும் இதில் சேராது. 18 வயது நிறைந்தவர் ஒரு மடிக்கணினியை இதற்கு மேலும் கொண்டு வரலாம். கைபேசிக்கு அந்தச் சலுகை இல்லை; ஆயிரம் டாலர் விலையுள்ள புதிய கைபேசி ஒன்றே வரம்பைத் தாண்டிவிடும். நான்கு பேர் வரம்பைக் கூட்டி ஒரே பொருளுக்குக் காட்டலாம் என்று பலர் நம்புகிறார்கள். கூட்ட முடியாது. கைக்குழந்தைக்கு இந்த வரம்பே கிடையாது. அதன் உபயோகப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு.

தங்க நகைக்கான வரியில்லாச் சலுகை, வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் வசித்துத் திரும்புபவர்களுக்கே உரியது. மூன்று மாதம் சுற்றிப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இல்லை. இங்கிருந்து போகும்போது அணிந்து சென்ற நகையே ஆனாலும், கழுத்தில் கூடுதலாகத் தெரிந்தால் கேள்வி வரும். அதைத் தவிர்க்கப் புறப்படும் நாளிலேயே சென்னைச் சுங்கத்தில் நகைகளைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். திரும்பும் நேரத்தில் அது கிடைக்காது. ஏற்கெனவே அமெரிக்காவில் இருப்பவர்கள், நகை வாங்கிய பழைய ரசீதின் நகலையும், அந்த நகையோடு ஊரில் எடுத்த படத்தையும் வைத்திருந்தால் பேசவாவது ஓர் ஆதாரம் இருக்கும்.

மின்சிகரெட் இந்தியாவில் 2019 முதல் தடை செய்யப்பட்டது. டிரோன் இறக்குமதிக்கும் தடை உண்டு. மருமகன் பேரனுக்கு ஆசையாக வாங்கித் தந்தாலும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். மலையேறுபவர்கள் வைத்திருக்கும் செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளும் உரிமம் இல்லாமல் கொண்டு வந்தால் சிக்கல்தான். மதுபானம் ஆளுக்கு இரண்டு லிட்டர்.

பணம்: அமெரிக்காவை விட்டு வெளியேறும்போது 10,000 டாலருக்கு மேல் இருந்தால் அறிவிக்க வேண்டும். அதைக் குடும்பத்தில் ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்து மறைப்பது குற்றம். இந்தியாவில் இறங்கும்போது ரொக்க நோட்டு மட்டும் 5,000 டாலருக்கு மேல் இருந்தால் அறிவிக்க வேண்டும்.

7. புறப்படும் நாள்

கவுன்ட்டர் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். வெளிநாட்டு விமானங்களுக்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பு திறக்கும். இணையத்தில் செக்-இன் செய்திருந்தாலும் ஆவணம் காட்ட நிற்க வேண்டும். பெரும்பாலான அமெரிக்க நிலையங்களில் தள்ளுவண்டிக்குக் கார்டு தேய்த்துச் சில டாலர் கட்ட வேண்டும். தோகாவிலும் துபாயிலும் சென்னையிலும் இலவசம்.

பெட்டிகளை ஒப்படைத்ததும், ஒட்டும் சீட்டில் கடைசி ஊராக எம்ஏஏ என்ற சென்னைக் குறியீடு இருக்கிறதா என்று ஒவ்வொரு பெட்டியிலும் பாருங்கள். இடைநிலையத்தின் குறியீடு இருந்தால் அங்கேயே கேட்டு மாற்றச் சொல்லுங்கள். சீட்டின் துண்டுகளை உடனே படம் எடுங்கள். சென்னை வரை எல்லா போர்டிங் பாஸ்களையும் அச்சிட்டே வாங்குங்கள். குழந்தையின் தள்ளுவண்டியை விமான வாசல் வரை கொண்டு போகலாம். ஆனால் அடுத்த ஊரில் வாசலிலேயே திருப்பித் தருவார்களா, சென்னையில்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவை விட்டு வெளியேறும்போது இமிக்ரேஷன் முத்திரை கிடையாது. யாரும் முத்திரை குத்தவில்லையே என்று பதற வேண்டாம்; விமான நிறுவனம் அனுப்பும் தகவலே வெளியேறிய பதிவாகிறது.

8. இடைநிலையத்தில்

சிறு பிள்ளைகளும் முதியவர்களும் இருந்தால் மூன்று மணி நேர இடைவெளி சரியானது. ஒன்றரை மணி நேரம் என்பது விமானம் சரியாக வந்தாலும் ஓட்டம்தான். ஏழெட்டு மணி நேரம் என்பது பிள்ளைகளைத் தரையில் படுக்க வைப்பது. இறங்கியதும் முதலில் அறிவிப்புப் பலகையில் அடுத்த வாயில் எண்ணைப் பாருங்கள். போர்டிங் பாஸில் அச்சிட்ட எண் மாறியிருக்கலாம். பிறகு கழிப்பறை, குடிநீர், பிறகுதான் கடை. தோகாவிலும் துபாயிலும் இலவசக் குழந்தை வண்டிகள் கிடைக்கின்றன. அமெரிக்க நிலையத்தின் வரியில்லாக் கடையில் வாங்கிய மதுவோ வாசனைத் திரவியமோ முத்திரையிட்ட பையில் ரசீதோடு அப்படியே இருக்க வேண்டும். இங்கே மீண்டும் ஒரு பாதுகாப்புச் சோதனை உண்டு.

9. சென்னையில் இறங்கிய பின்

வளைகுடா விமானங்களில் பல, சென்னையைத் தொடுவது நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே. அடுத்தடுத்து இறங்குவதால் இமிக்ரேஷன் வரிசை நீளும். 2025 ஜனவரி முதல் சென்னையிலும் தானியங்கி வாயில் வழியாகச் செல்லும் நம்பகப் பயணியர் திட்டம் இருக்கிறது. முன்பே இணையத்தில் பதிந்து, கைரேகை கொடுத்திருக்க வேண்டும். ஆனால் 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அது இல்லை. சிறு பிள்ளைகளோடு வருபவர்கள் அதற்காக மெனக்கெட வேண்டாம்.

அறிவிக்க வேண்டிய பொருள் இருந்தால் சிவப்பு வழி. இல்லையென்றால் பச்சை வழி. சுங்கத்துறையின் அதிதி செயலியில் முன்பே அறிவித்துவிட்டால் நேரம் மிச்சம். பச்சை வழியில் போய் மாட்டிக்கொண்டால் வரியோடு அபராதமும் சேரும்.

செயலி வழி டாக்சிகள் வாசலுக்கு வராது. பன்னடுக்கு வாகன நிறுத்தத்துக்கு நடக்க வேண்டும். பெட்டிகளோடு அது எளிதல்ல. முதியவர்கள் இருந்தால் ஊரிலிருந்தே வண்டி வரச் சொல்வது அல்லது உள்ளேயே முன்பணம் கட்டும் டாக்சி எடுப்பது நல்லது. மெட்ரோ காலை 5 மணி அளவில்தான் தொடங்கும். இந்திய எண் மூன்று மாதம் பயன்படாமல் இருந்தால் முடங்கிப்போகலாம் என்பதால், அமெரிக்காவிலிருந்தே ரீசார்ஜ் செய்து வையுங்கள்; டாக்சிக்கான ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ தனி டிக்கெட்டில் உள்நாட்டு விமானம் எடுத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. உள்நாட்டு வரம்பு பொதுவாக ஆளுக்கு 15 கிலோ. ஐந்து இருக்கைக்கு 75 கிலோ. உங்களிடம் பத்துப் பெட்டியில் இருப்பது 230 கிலோ. மிச்சம் 155 கிலோவுக்கு, கிலோவுக்கு 500 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 77,500 ரூபாய். அந்தப் பணத்தில் வண்டி வைத்துக்கொண்டு போய் வரலாம். தென் மாவட்டப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்புகின்றன. கோயம்பேட்டுக்குப் போய் நிற்காதீர்கள்.

10. பெட்டி வராவிட்டால், உடைந்திருந்தால்

பெல்ட் நின்ற பின்னும் பெட்டி வரவில்லை என்றால், அந்த மண்டபத்தை விட்டு வெளியேறாமல் விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் புகார்ப் படிவம் எழுதி எண்ணை வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் பிறகு எதுவும் நகராது. அதே இடத்தில், பெரும்பாலோர் அறியாத இன்னொரு வேலையும் உண்டு: உங்கள் வரியில்லா வரம்பில் எவ்வளவு இன்னும் பயன்படுத்தப்படவில்லை என்று நிறுவனத்திடம் சான்று பெற்று, சுங்க அதிகாரியின் கையொப்பமும் வாங்க வேண்டும். இது இருந்தால்தான் பின்னர் தனியாக வரும் பெட்டிக்கு அந்த வரம்பைக் கேட்க முடியும்.

வெளிநாட்டு விமானப் பயணங்களுக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதத்துக்கான எழுத்துப் புகாரை 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கான புகாரைப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் கொடுக்க வேண்டும். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஆளுக்கு 1,519 எஸ்டிஆர் (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது ஏறக்குறைய 2,000 டாலர். பெட்டி கட்டும்போது எடுத்த படங்களும் கடை ரசீதுகளும் இங்கே பயன்படும். இடைக்காலத்தில் வாங்கிய உடை, மருந்து ஆகியவற்றின் ரசீதுகளையும் சேர்த்து அனுப்புங்கள்.

11. வீடு வந்த பின்

கிழக்கு நோக்கி வந்த பயணம் என்பதால் பிள்ளைகள் நள்ளிரவில் விழித்துப் பசி என்பார்கள். பள்ளி திறக்கும் நாளுக்கு முதல் நாள் வந்து இறங்காமல், சில நாள் இடைவெளி விட்டுத் திரும்பும் தேதியை வையுங்கள். மாத்திரை நேரத்தைப் பெரியவர்களுக்கு எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து, ஐ-94 தளத்தின் பயண வரலாற்றுப் பக்கத்தில் ஒவ்வொருவரும் வெளியேறிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாமல் விட்டிருந்தால் அடுத்த விசா நேர்காணலில் கேள்வி வரும். அப்போது காட்டப் போர்டிங் பாஸ் துண்டுகளும் சென்னை இமிக்ரேஷன் முத்திரை உள்ள பக்கத்தின் நகலும் ஓர் உறையில் இருக்கட்டும்.